பதினேழாவது எண்

மாப்பிள்ளை வீட்டார் உள்ளே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் வாசலில் குனிந்து அவர்கள் பையனுடைய பைக்கின் கழுத்தில் பென்சில் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தவர்களின் வண்டியைப் பெண்ணின் அம்மாவே சோதனை போட்ட கதை இந்தக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வேறு எங்கும் நடந்திருக்காது. காபிக்குச் சர்க்கரை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தேன். டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது என்று என் மகளுக்குத் தெரியும். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று வந்துவிட்டேன்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருஷமாகத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு இரும்புப் பாகத்திலும் ஓர் எண் குத்தியிருக்கும். எந்த உலையில், எந்த நாளில் உருக்கியது என்று அதைப் படித்தால் தெரியும். படிக்க வேண்டும், மாதிரிக்கு வைத்திருக்கிற மாஸ்டர் பீஸோடு ஒப்பிட வேண்டும், சரியில்லை என்றால் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாகப் போட வேண்டும். இதுதான் என் பிழைப்பு. சரக்கு கொண்டுவருகிற டிரைவர்கள் என்னைப் பார்த்ததுமே, "அய்ய, இந்த அக்கா டூட்டியா? போச்சுடா" என்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, அதைக் கேட்க எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

எங்கள் வண்டியையும் அந்தக் கண்ணோடுதான் வாங்கினேன். கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட பைக். புது வண்டியைப் பதிவு செய்ய ஒரு ஃபாரம் உண்டு. அதில் வண்டியின் சேஸ் நம்பரை ஒட்ட வேண்டும். ஹேண்டில் பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்துக் குழாயில் அந்த எண் குத்தியிருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே வெள்ளையாக எழும்பி வரும். ஷோரூம் பையன் ஒன்று எடுத்தான். நான் இன்னொன்று எடுத்துத் தரச் சொன்னேன். "எதுக்குக்கா?" என்றான். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்பா" என்றேன். அந்தத் தாளைக் கண்ணாடிக் கவரில் போட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தேன்.

இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. ஸ்டேஷன் வெளியே புளியமரத்தடியில் விட்டுவிட்டு ரயிலேறிப் போனார் என் வீட்டுக்காரர். சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டி இல்லை. வெறும் மரம்தான் நிற்கிறது. நல்லா பூட்டிட்டுத்தான் போனேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். போலீசில் எழுதிக் கொடுத்தோம். இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கொண்டுவா என்றார்கள். வீட்டில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று அன்றைக்கு ரயில் நெரிசலில் சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டது என்றார் இவர். ஒரு சாவியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஓவர்டைம் ஓவர்டைமாகப் பார்த்து வாங்கிய வண்டி அது.

அன்றிலிருந்து கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட பைக் எங்கே நின்றாலும் என் கால் நின்றுவிடும். ரேஷன் கடை வாசல், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஒரு தடவை சாவு வீட்டு வாசல்கூட. குனிந்து கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். அதற்காகவே அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மொத்தம் பதினேழு எழுத்து. முதல் எழுத்து எம் என்றால் இந்தியாவிலோ சுற்றுவட்டார நாடுகளிலோ செய்த வண்டி. முதல் மூன்றையும் சேர்த்துப் படித்தால் எந்தக் கம்பெனி என்று தெரியும். அடுத்து வருகிறவை மாடலைச் சொல்லும். எங்கள் வண்டிக் கம்பெனியில் பத்தாவது எழுத்து வருஷம். கே என்று இருந்தால் இரண்டாயிரத்துப் பத்தொன்பது. எந்தத் தொழிற்சாலை என்பதற்கும் ஓர் எழுத்து. கடைசியில் வருவது வரிசை எண், ஒன்றன்பின் ஒன்றாக லைனில் இறங்கிய கணக்கு. ஐ, ஓ, க்யூ இந்த மூன்று எழுத்தும் அதில் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று முதலிலேயே நீக்கிவிட்டார்களாம். இதைக் கண்டுபிடித்தவன் யாரோ என்னைப்போலச் சந்தேகப் பிராணி என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

நூறு வண்டி பார்த்திருப்பேன். பத்தாவது எழுத்திலேயே முக்கால்வாசி கழிந்துவிடும். மீதி கால்வாசி வரிசை எண்ணில் போய்விடும். என் மகள் கூட வரும்போதெல்லாம் நான்கு அடி தள்ளி நின்று, யாரோ எவரோ என்கிற மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் இந்த வரன் வந்தது. எளாவூர்ப் பையன். இங்கே தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். தூரத்துச் சொந்தம் ஒருவர் சொல்லி, போட்டோ பார்த்து, இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் மகளுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பது அவள் வாயால் சொல்லாமலேயே எனக்குத் தெரிந்தது. போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடுவாள். இறங்கி வரும்போது எனக்கே பாத்திரம் கழுவிக் கொடுப்பாள். இதற்கு முன்னால் வந்த மூன்று வரன்களை அவளே வேண்டாம் என்று தட்டிவிட்டவள். இதை மட்டும், "உனக்கு ஓகேவாமா?" என்று என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

எனக்கும் ஓகேதான். அந்தப் பையன் கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட பைக்கில் வந்து எங்கள் வாசலில் இறங்கும் வரைக்கும்.

பென்சில் பிரிண்டை முந்தானையில் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். சிரித்தேன், காபி கொடுத்தேன், அவன் அம்மாவிடம் மழை பற்றிப் பேசினேன். எல்லோரும் போன பிறகு பீரோவைத் திறந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் எழுத்து சரி. பத்தாவது கே, சரி. பதினாறு எழுத்துவரை ஒன்றுக்கொன்று அச்சு அசல். பதினேழாவது மட்டும் எங்களுடையது மூன்று, அவனுடையது எட்டு. மூன்றை எட்டாக்குவது எவ்வளவு சுலபம் என்று எங்கள் கம்பெனி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். போதாக்குறைக்கு அந்த எட்டு மற்ற எண்களைவிட ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. கையால் குத்தியதுதான், வேறென்ன என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"உடுமே. போன வண்டி போனதுதான். அதப் போயி இன்னும் தேடிக்கினு."

"இன்னாங்க பேசறீங்க? திருட்டு வண்டில வர்றவனுக்கா பொண்ண குடுக்கறது?"

"நீயே பாத்தியா அவன் திருடினத? நல்ல பையனாக்கீறான். பேஜாரு பண்ணாத."

எழுந்து வெளியே போய்விட்டார். எதிலும் அக்கறை இல்லாத மனுஷன் என்று அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த இரண்டு மாதமும் எனக்குத் தூக்கமில்லை. அவனுடைய நம்பர் பிளேட் எண்ணை அரசாங்க ஆப்பில் போட்டுப் பார்த்தேன். மாடல் சரியாக வந்தது, பெயரில் பாதியை நட்சத்திரமாக மறைத்திருந்தது, சேஸ் நம்பரில் கடைசிப் பகுதியையும் மறைத்திருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் மறைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் மனசு, பார்த்தியா மறைக்கிறான் என்றது. எஞ்சின் நம்பர் வேறாக இருந்தால்? எஞ்சினை மாற்றியிருப்பான். பில் காட்டினால்? பில் அடிப்பது பெரிய வித்தையா? இப்படி அவன் எந்த வழியில் வந்தாலும் நான் குறுக்கே கட்டை போட்டு வைத்திருந்தேன். பூ வைக்க நாள் குறிக்கலாம் என்று அவன் அம்மா போன் செய்தபோது ஆடி வருகிறது என்றேன். ஆடி போனதும் ஷிப்ட் இருக்கிறது என்றேன். மகள் மாடிக்கு ஓடுவது குறைந்தது. ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

"இன்னாமா உனக்கு அவர்மேல? சொல்லித் தொலையேன்."

"ஒண்ணுமில்ல" என்றேன். அவள் அதை நம்பவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளையாயிற்றே!

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களே வந்துவிட்டார்கள். பையன், அவன் அம்மா, தட்டில் பழம். நாள் குறிக்காமல் போவதில்லை என்று அவன் அம்மா சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. நேரே பையனைப் பார்த்துக் கேட்டேன்.

"தம்பி, அந்த வண்டி எங்க வாங்கினது?"

"இங்கதான் அத்தை, கும்மிடிப்பூண்டி ஷோரூம்ல. வேலைக்குச் சேந்த வருஷம் எடுத்தேன்."

"புதுசாவா?"

"புதுசுதான்."

"அப்ப கடைசி நம்பரு மூணு எப்பிடி எட்டாச்சி?"

அவனுக்குப் புரியவில்லை. இரண்டு தாளையும் டீப்பாயில் வைத்து, எங்கள் வண்டி தொலைந்த கதையைச் சொன்னேன். என் குரல் எனக்கே அடங்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது. மகள் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் அம்மாவின் கை பழத்தட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

பையன் கோபப்படுவான், கத்துவான், அதில் உண்மை வெளியே வரும் என்று காத்திருந்தேன். அவன் கத்தவில்லை. "தோ வந்துர்றேன் அத்தை" என்று எழுந்து போனான். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. எளாவூர் போய் வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் அவன் அம்மா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காபி வைத்தேன், தொடவில்லை. மின்விசிறியைக் கூட்டினேன், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம், ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. ஓடிவிட்டான், இனி வரமாட்டான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஒரு திருப்திகூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வந்தான். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து டீப்பாயில் வைத்தான். ஷோரூம் பில். ஆர்.சி. முதல் இன்ஷூரன்ஸ். ஷோரூம் வாசலில் மாலை போட்ட வண்டிமேல் கைவைத்து அவனும் அம்மாவும் நிற்கிற போட்டோ. கடைசியாக, பாக்கெட்டிலிருந்து ஒன்றும் கவரிலிருந்து ஒன்றுமாக இரண்டு சாவி.

"ரெண்டு சாவியும் கீது அத்தை. பாத்துக்கோங்க."

பில்லைப் பார்த்தேன். எங்கள் வண்டி எடுத்த அதே ஷோரூம். அதே வாரம். எங்களுக்கு மூன்று நாள் கழித்து.

"ஒரே லாரில எறங்கியிருக்கும் அத்தை. லோடு வரும்போது லைன்ல அடுத்தடுத்து நின்னத அப்பிடியே ஏத்தி அனுப்புவாங்க. உங்களுது மூணு, என்னுது எட்டு. நடுவுல நாலு வண்டி. அதுவும் இந்த ஊர்லயே எங்கனா ஓடிக்கினு இருக்கும்."

"அப்ப அந்த எட்டு ஏன் கீழ எறங்கிக்கீது?" என்றேன். இன்னும் விடவில்லை நான்.

அவன் என்னுடைய பழைய தாளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து என்னிடம் கொடுத்தான். பார்த்தேன். எங்கள் வண்டியின் அந்தக் கடைசி மூன்றும் ஒரு நூல் கீழே இறங்கித்தான் இருந்தது. கம்பெனியில் எண் குத்திய மெஷினின் கோளாறு. அன்றைக்கு அதில் போன அத்தனை வண்டிக்கும் கடைசி எண் அப்படித்தான் விழுந்திருக்கும். பதினாறு வருஷமாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். மாஸ்டர் பீஸ் என் பீரோவில்தான் இருந்தது. அவனுடையதில் குறை தேடினேனே தவிர, என்னுடையதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"தம்பி, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

அவன் அம்மா எழுந்துவிட்டார். பழத்தட்டை எங்கள் டீப்பாயிலேயே விட்டுவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பொண்ணு நல்ல பொண்ணும்மா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எம்புள்ள இந்த ஊட்டுக்கு வர்ற ஒவ்வொரு தபாவும் கையில பேப்பரோட வர முடியாது."

அவர்கள் போன பிறகு யாரும் சாப்பிடவில்லை. மத்தியானம் வீட்டுக்காரர் என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். டீப்பாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நம்ம சாவி ரயில்ல உழல. வண்டியிலயே உட்டுட்டேன். ரயிலு வந்துச்சினு ஓடினேன். ஏறின பொறவுதான் ஞாபகம் வந்துச்சி. நீ கத்துவேனு சொல்லல."

நாலு வருஷம். ஊரில் நிற்கிற வண்டி அத்தனையையும் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவரை ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு அவரைப் பேசிய பேச்சு இந்தத் தாளில் எழுதுகிற மாதிரி இல்லை. பேசி முடித்த பிறகு, நீ கத்துவேனு சொல்லல என்ற அந்த ஒரு வார்த்தைதான் மிச்சமாக நின்றது.

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்தாள். அவள் வேலை செய்கிற கம்பெனியில் வெளியே வரும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். டேபிள்மேல் வைத்து, ஜிப்பைத் திறந்து, ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். வீட்டுக்குள் வந்தவள் அதையே செய்தாள். பையைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். ஜிப்பைக் கடைசி வரை இழுத்தாள். போனையும் டிபன் பாக்ஸையும் பக்கத்தில் எடுத்து வைத்தாள்.

"செக் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஒரு நாள் செய்வாள், இரண்டு நாள் செய்வாள் என்று நினைத்தேன். தினமும் செய்தாள். மூன்றாவது நாளிலிருந்து அந்த வார்த்தைகூட இல்லை; பை மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். "அடியே, என்னக் கொல்லாதடி" என்று ஒரு நாள் கெஞ்சினேன். டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். எவ்வளவோ பேர் முகத்தைத் திருப்பிப் போயிருக்கிறார்கள், அப்போதெல்லாம் வலிக்கவில்லை. இது வலித்தது. நான்கு மாதம் அந்தப் பைக்குள் நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கமாகச் சுற்றித்தான் சமையலறைக்குப் போவேன்.

போன வாரம் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை, டிபன் பாக்ஸை எடுக்கும்போது பையின் மேலேயே கிடந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட். எனக்குத்தான் கண் சும்மா இருக்காதே. ஏறிய இடம் எளாவூர். இறங்கிய இடம் கும்மிடிப்பூண்டி. தேதி சனிக்கிழமையுடையது. சனிக்கிழமை இவள் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கீழே இன்னும் இரண்டு டிக்கெட், வேறு வேறு சனிக்கிழமைகள்.

முதலில் ரத்தம் தலைக்கு ஏறியது, பொய் சொல்லாமல் சொல்கிறேன். என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போகிறாளா என்று. அடுத்த நிமிஷமே நீ கத்துவேனு சொல்லல என்று காதில் கேட்டது. இவளும் அப்பாவைப் போலவே என்னிடமிருந்து ஒரு சாவியை ஒளித்துக்கொண்டுதான் வாழ்கிறாள். தினமும் திறந்து வைக்கிற பையில் இந்த டிக்கெட்டுகளை மறந்து விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா? பாருங்கள், இதையும் சந்தேகப்படுகிறேன்.

டிக்கெட்டை இருந்த மாதிரியே வைத்தேன். பீரோவைத் திறந்து அந்த இரண்டு பென்சில் பிரிண்டையும் எடுத்தேன். அவனுடையதைத் தனியாக ஒரு கவரில் போட்டேன். அது அவனுக்குச் சேர வேண்டியது. மகள் முகம் கழுவிவிட்டு வந்ததும், பயந்துகொண்டே, என் குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிச் சொன்னேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம எளாவூர் போறேன். அவங்க அம்மாவப் பாக்கணும்."

அப்படியே நின்றாள். கண் பைக்குப் போய் என் முகத்துக்குத் திரும்பியது.

"இன்னாத்துக்கு?"

"மன்னிப்புக் கேக்கறதுக்கு. நீயும் வர்றியா?"

மேஜைக்கு வந்தாள். போனைப் பைக்குள் போட்டாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்த ஜிப்பை என் கண் முன்னாலேயே இழுத்து மூடினாள்.

"வர்றேன்" என்றாள். "நீ பென்சில மட்டும் எடுத்துக்கினு வராத."